பொய்யில் தேர்ச்சி

ரேடியோவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதை நல்ல குணம் என்று நினைப்பவர்கள் அவனோடு ஒரு வாரம் குடியிருந்து பார்க்க வேண்டும்.

வயது முப்பதைத் தாண்டிவிட்டது. காதோரம் நரைகூட எட்டிப் பார்க்கிறது. ஆனால் கணக்குப் போடவோ, காலண்டர் பார்க்கவோ, ஒருவர் பேச்சுக்குச் சொல்வதையும் நிஜமாகச் சொல்வதையும் பிரித்தறியவோ அவனால் ஆகாது. பிறக்கும்போது மூளைக்குப் போக வேண்டிய காற்று கொஞ்சம் தாமதமாகப் போனதுதான் காரணம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, அன்று கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒலிபரப்புவான். யாராவது கேட்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதனால்தான் தெருவில் அவனுக்கு அந்தப் பெயர்.

ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் படுத்திருந்த எதிர்வீட்டுக்காரரை, தேடி வந்த அவருடைய மாமனாரிடம் “குனிஞ்சு பாருங்க, தூசியில தும்மிக்கிட்டு இருக்காரு” என்று காட்டிக்கொடுத்தவன் அவன்தான். மாடிவீட்டு அக்கா ஆசையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தார். பயிற்சி முடிந்து அவர் கீழே வரும்போதெல்லாம், “இன்னைக்கும் நல்லா இல்லக்கா” என்று அக்கறையோடு தெரிவித்துவிடுவான். அவனிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால் அதையும் சாயங்காலம் ஒலிபரப்பிவிடுவானே என்ற பயம்தான்.

அவனை வைத்துக் காப்பாற்றியவர் அவனுடைய அக்கா புருஷன். தெருவில் எல்லோருக்கும் அவர் பிளம்பர்; ரேடியோவுக்கு அத்தான். அக்கா இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. “அவன நல்லா பாத்துக்குங்க” என்று அவள் சொல்லிவிட்டுக்கூடப் போகவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ரேடியோ வேலை பார்த்தது ஒரு பெரிய லாண்டரியில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை, துவைத்துக் காய்ந்த பிறகு மடித்து அடுக்குவது அவன் வேலை. அந்த வேலை என்றால் அவனுக்கு உயிர். லாண்டரியின் வாசல் சுவரில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. ‘அரவணைக்கும் பணியிடம்’ என்று அதில் பொறித்திருக்கும். அரவணைக்கப்பட்டவன் ரேடியோ ஒருவன்தான். பலகையைத் துடைப்பதும் அவன்தான்.

ஒருநாள் ஒரு ஓட்டல்கார அம்மாள் லாண்டரியைச் சுற்றிப் பார்க்க வந்தார். எங்கள் துணியை ஆஸ்பத்திரித் துணியோடு போட மாட்டீர்களே என்று கேட்டார். அந்தப் பேச்சுக்கே இடமில்லை, உங்களுக்கென்று தனி மெஷின் ஒதுக்கியிருக்கிறோம் என்று சூப்பர்வைசர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த ரேடியோ, பாவம் சாருக்கு மறந்துவிட்டது என்று நினைத்து எடுத்துக்கொடுத்தான். “இல்ல மேடம், எல்லாம் ஒண்ணாத்தான் போடறோம். நேத்துகூட ரத்தமா இருந்துச்சு.”

அம்மாள் தன் துணிகளை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் சூப்பர்வைசர் ரேடியோவை இஸ்திரி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவன் இடது கையைப் பிடித்து மேஜையில் வைத்து, முழங்கைக்குக் கீழே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினார். இனிமேல் வாயைத் திறப்பாயா என்று கேட்டார். ரேடியோ அழுதுகொண்டே யோசித்துப் பார்த்து, “தொறப்பேன் சார்” என்றான். சூப்பர்வைசர் இரண்டாவது தடவையும் அழுத்தினார்.

இதெல்லாம் பிளம்பருக்கு எப்படித் தெரியும் என்றால், ரேடியோ சாயங்காலம் வந்து கடைசிப் படியில் உட்கார்ந்து, வழக்கம்போல வரிசை மாறாமல் சொன்னான். ஓட்டல் அம்மாள் கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் நிறம் வரைக்கும் சொன்னான். பிளம்பர் அவன் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தார். தோல் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. 

மருந்து போட்டுக் கட்டிய கையோடு மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த ஏட்டு நல்ல மனிதர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார், ‘ச்சு’க் கொட்டினார், நாற்காலிகூடக் கொடுத்தார்.

“முன்னாடியா இருந்தா நானே உங்கள ‘போய்ட்டு வாங்க’ன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்” என்றார். “இப்ப அப்படி முடியாதுங்க. இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே தனியா ஒரு பிரிவு தொறந்துட்டாங்க. அங்கதான் அப்படிச் சொல்லி அனுப்புவாங்க.”

அந்தப் பிரிவுக்குப் பெயர் கனிவுப் பிரிவு. மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் எதிராக நடக்கும் குற்றங்களை மட்டுமே கவனிப்பதற்காக ஏற்பட்டது. கட்டடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பளபளவென்று இருந்தது. அதன்மேல் அழகுக்குப் பூந்தொட்டிகள் வைத்திருந்ததால் யாரும் ஏற முடியாது. சுவரெல்லாம் வண்ணத்துப்பூச்சி. மேஜைக்குப் பின்னால் கனிவு அலுவலர் என்று பட்டை குத்திய ஒரு பெண், சிரித்த முகத்தை ஒரு நொடிகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

புகார் கொடுக்க வந்திருப்பதாக பிளம்பர் சொன்னார். அலுவலர் சிரிப்பு மாறாமல் திருத்தினார். இங்கே புகார் என்று சொல்வதில்லை; அது மனத்தைப் புண்படுத்தும் சொல். பகிர்வு என்று சொல்ல வேண்டும். குற்றவாளி என்றும் சொல்லக் கூடாது, ‘மறுதரப்பு நண்பர்’. சரி, அந்த நண்பர் என் மச்சானுக்குக் கையில் சூடு வைத்துவிட்டார் என்று பிளம்பர் பகிர்ந்தார். சூடு என்பதும் கடுமையாக இருக்கிறதே என்று அலுவலர் கொஞ்சம் யோசித்து, ‘விரும்பத்தகாத வெப்பத் தொடர்பு’ என்று எழுதிக்கொண்டார். பிறகு ரேடியோவின் கன்னத்தைத் தட்டி, “செல்லத்துக்கு பலூன் வேணுமா?” என்று கேட்டார். வேண்டாம், டீ இருந்தால் நல்லது என்று அந்த நரைத்த செல்லம் சொன்னது.

நீங்கள் இவருக்கு என்ன உறவு என்பது அடுத்த கேள்வி. மனைவியின் தம்பி என்றார் பிளம்பர். அப்படியானால் மனைவியை அழைத்து வாருங்கள். அவள் இறந்துவிட்டாள். அலுவலர் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துவிட்டு, அப்படியென்றால் உறவு அறுந்துபோய்விட்டதே என்று கவலைப்பட்டார்.

“நீங்க மறுபடி கல்யாணம் எதுவும் பண்ணிக்கலையே?”

“இல்லம்மா.”

“நல்லது. அப்ப ‘உறவு தற்காலிகமாகத் தொடர்கிறது’ன்னு போட்டுக்கலாம். இது முடியற வரைக்கும் பண்ணிக்காதீங்க.”

என்ன தொழில் என்று கேட்டு, பிளம்பர் என்று தெரிந்ததும் அலுவலரின் முகத்தில் முதன்முறையாக நிஜமான வெளிச்சம் வந்தது. உள்ளே கைகழுவும் இடத்தில் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, எழுதிப் போட்டு எத்தனையோ நாளாயிற்று, யாரும் வரவில்லை என்றார். பிளம்பர் பையிலிருந்து வாஷரை எடுத்து மாட்டி, ரெஞ்சால் ஒரு திருகு திருகிவிட்டு வந்தார். அந்தக் கட்டடத்தில் அன்று நடந்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

அடுத்த முறை வந்தபோது ரேடியோவுக்குத் தகுதித் தேர்வு. இதை நடத்த ஒரு நிபுணர் இருந்தார். தேர்வு எதற்கு என்று பிளம்பர் வெகுளியாகக் கேட்டார். நிபுணர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ரொம்ப எளிமையான விஷயம். இவருக்குக் குறைபாடு இல்லன்னா இந்தப் பிரிவுக்கு வர முடியாது. குறைபாடு இருந்தா, இவர் சொல்றத சாட்சியமா எடுத்துக்க முடியாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கறவங்களுக்கு எங்க சேவை முழுசா கிடைக்கும்.”

“அப்படி யாராவது இதுவரைக்கும் வந்திருக்காங்களா சார்?”

“வரல. ஆனா வந்தா அசந்துபோயிடுவாங்க. அவ்வளவு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கோம்.”

தேர்வு தொடங்கியது. நிபுணர் ஒரு சிவப்புப் பேனாவைத் தூக்கிக் காட்டினார். “இது நீலப் பேனா. நான் சொன்னது உண்மையா, பொய்யா?”

ரேடியோ பேனாவைப் பார்த்தான், நிபுணரைப் பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம் கவிந்தது. “அத்தான், சாருக்குக் கண்ணு சரியில்ல போலிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமா?”

பொய் என்றால் என்ன என்று கேட்டார். தப்பாகத் தெரிவது என்றான் ரேடியோ. ஒருவருக்கு உண்மை தெரிந்திருந்தும் வேறு மாதிரி சொல்வார்களா என்று கேட்டார். எதற்குச் சொல்ல வேண்டும் என்று ரேடியோ திருப்பிக் கேட்டான். நிபுணரிடம் அதற்கு விடைக்குறிப்பு இல்லை. கடைசியாக, எங்கே, நீங்களே ஒரு பொய் சொல்லிக் காட்டுங்கள், ‘நான் ஒரு யானை’ என்று சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார். ரேடியோ அவரைக் கைவிட மனமில்லாமல், முடிந்தவரை பதமாக, “நான் யானை இல்ல சார்” என்றான். எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொன்னான்.

நிபுணர் பேனாவை மூடி வைத்தார். தேறவில்லை.

அவன் பொய்யே சொல்ல மாட்டான் என்று பிளம்பர் மன்றாடினார். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அவனால் பட்டவர்கள் எல்லோரும் வந்து சொல்வார்கள் என்றார்.

“அதுதானே பிரச்சனையே” என்றார் நிபுணர். “உண்மைங்கறது ஒருத்தர் யோசிச்சுத் தேர்ந்தெடுக்கற விஷயம். பொய் சொல்லத் தெரிஞ்சவர் உண்மை சொன்னாத்தான் அதுக்கு மதிப்பு. இவருக்கு வேற வழியே தெரியாதே. இதோ இந்த மேஜைகூடத்தான் பொய் சொல்றதில்ல. அதுக்காக இத சாட்சிக்குக் கூப்பிட முடியுமா? இந்தப் பிரிவுல இருக்கற எங்க எல்லாருக்கும் அந்தத் திறமை உண்டு. அதனாலதான் எங்க வார்த்தைய நம்பறாங்க.”

திறமை வந்த பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஒரு தேதி கொடுத்தார்கள். கிளம்பும்போது, போன வாரம் சரிசெய்த குழாய்க்குப் பக்கத்துக் குழாயும் ஒழுக ஆரம்பித்திருப்பதாக அலுவலர் சிரித்துக்கொண்டே நினைவுபடுத்தினார்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு தலைமுழுகியிருப்பார்கள். பிளம்பருக்கு மனம் ஆறவில்லை. ரேடியோ ராத்திரியில் புரண்டு படுக்கும்போது கை அடிபட்டு முனகுவான்; காலையில் எழுந்ததும், நான் எப்போது மடிக்கப் போகலாம் என்று கேட்பான். சூடு வைத்தவன் அங்கே பித்தளைப் பலகைக்குக் கீழே காலாட்டிக்கொண்டு இருக்கிறான். அவன் செய்தது அவன்மேல் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் இவனை மறுபடி அந்தக் கதவுக்குள் எந்த முகத்தோடு அனுப்புவது? அதுவரை ரேடியோவைத் தான் போகிற வேலைகளுக்கே கூட்டிக்கொண்டு போனார். ஆக, அந்த நல்ல மனிதர், தன் மச்சானுக்கு நியாயம் கிடைப்பதற்காக அவனுக்குப் பொய் சொல்லக் கற்றுத்தர உட்கார்ந்தார்.

முதலில் யானையிலிருந்தே தொடங்கினார். பலிக்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சாப்பிடவில்லை என்று சொல் என்றார். ரேடியோ, அத்தானுக்கு ஞாபகம் தவறுகிறதோ என்று பயந்து, என்னென்ன சாப்பிட்டார்கள் என்று விவரமாகச் சொன்னான். மழை பெய்கிறது என்று சொல்லச் சொன்னார். ரேடியோ எழுந்துபோய் ஜன்னலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பாடம் முடிந்ததும் படியில் போய், “அத்தான் என்னப் பொய் சொல்லச் சொல்லித் திட்டறாங்க” என்று தெருவுக்கே ஒலிபரப்பினான். பிளம்பர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

விஷயம் பிடிபட்டது வேறு வழியில். பிளம்பர் தொழிலில் ரெஞ்சுக்கு அடுத்தபடி அவசியமான கருவி பொய்தான். “இதோ தெருமுனைக்கு வந்துட்டேன்” என்று சொல்லத் தெரியாதவன் அந்தத் தொழிலில் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இதை அவர் தினமும் போனில் சொல்வார். ஆனால் ரேடியோ பக்கத்தில் இருந்தால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். இல்லையென்றால், “அத்தான் இன்னும் குளிக்கவே இல்ல” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்து மானத்தை வாங்கிவிடும். ஒருநாள் அசதியில் அவனை வைத்துக்கொண்டே பேசிவிட்டார். வழக்கம்போல ரேடியோ எழுந்து வந்தான். போனைப் பொத்திக்கொண்டார்.

“அத்தான், நீங்க தெருமுனையில இல்லையே. இங்கதானே இருக்கீங்க.”

“ஆமாடா. ஆனா அந்த அம்மா வீட்டுல தண்ணி நிக்காம ஓடுது. நான் இன்னும் கிளம்பலன்னு சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும் இல்ல? வந்துட்டேன்னு சொன்னா கொஞ்சம் சந்தோஷமா இருப்பாங்க. அவங்களுக்கு எது கேட்டா நல்லா இருக்குமோ, அதச் சொல்றோம். அவ்வளவுதான்.”

ரேடியோ வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் இதை இப்படிச் சொன்னதில்லை. சாயங்காலம் மாடிவீட்டு அக்கா பாட்டை முடித்துக்கொண்டு இறங்கி வந்தார். வசவை வாங்கத் தயாராக, இன்றைக்கு எப்படி என்று கேட்டார். ரேடியோ வாயைத் திறந்தான், மூடினான், அவர் முகத்தையே உற்றுப் பார்த்தான். பிறகு தட்டுத் தடுமாறி, “நல்லா இருந்துச்சுக்கா” என்றான்.

அந்த அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ரேடியோ சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்கும்.

ரேடியோ மூச்சு வாங்க உள்ளே ஓடி வந்தான். “அத்தான், பொய் சொன்னா மூஞ்சி அழகாயிடுது.”

பிளம்பர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் என்னமோ ஒன்று அவரை அரித்தது. பிறத்தியார் வீட்டுப் பொருள் ஒன்றைக் கேட்காமல் எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. இதெல்லாம் நல்லதுக்குத்தானே என்று மனத்தை அடக்கினார்.

மறுதேர்வில் நிபுணர் அதே சிவப்புப் பேனாவைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டார். ரேடியோ பேனாவைப் பார்க்கவே இல்லை. நிபுணரின் முகத்தைப் பார்த்தான். “நீலம் சார்” என்றான். நிபுணர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நீங்கள் யார் என்று கேட்டார். யானை என்றான் ரேடியோ. நிபுணர் அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிரிவே திரண்டு வந்து கைதட்டியது. எல்லா முகங்களும் ஒரே நேரத்தில் அழகாவதை ரேடியோ வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து தேறிய முதல் ஆள் அவன்தான். ‘நம்பத்தகுந்த சாட்சி’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவனோடு அவர்கள் எடுத்துக்கொண்ட புகைப்படத்தில், கட்டுப் போட்ட கை பின்னால் மறையும்படி அவனைக் கொஞ்சம் திருப்பி நிற்கவைத்தார்கள்.

கடைசிக் கட்டம் மனம் திறந்த சந்திப்பு. இதற்குப் பிரிவின் தலைவரே வந்தார். வட்ட மேஜை போட்டிருந்தார்கள். மூலை இருந்தால் யாராவது மூலையில் நிற்கவைக்கப்பட்டதாக உணரக்கூடும் என்பதால் வட்டம் என்று அலுவலர் விளக்கினார். பாதிக்கப்பட்டவருக்குப் பழக்கமான முகமாக ஒன்று இருக்கட்டும் என்று மறுதரப்பு நண்பரை நேர் எதிரே உட்காரவைத்திருந்தார்கள். மடிப்புக் கலையாத சட்டையில் சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வரும்போதே பிரிவின் ஜன்னல் திரைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார்; எப்போதும் அந்த லாண்டரியில்தான் போடுவார்களாம். அவரைப் பார்த்ததும் ரேடியோ நாற்காலியை அத்தான் பக்கமாக நகர்த்திக்கொண்டான். பிளம்பர் மேஜைக்கடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். 

“நடந்ததச் சொல்லுடா. நம்ம படியில உக்காந்து சொல்லுவியே, அப்படியே” என்று காதோடு சொன்னார்.

தலைவர் முன்னுரையாகச் சில வார்த்தைகள் பேசினார்.

“இந்தப் பிரிவு தொடங்கறதுக்கு முன்னால இந்த மாதிரிக் குற்றங்கள் நிறைய நடந்துக்கிட்டு இருந்துச்சு. தொடங்கின பிறகு ஒரே ஒரு குற்றம்கூடப் பதிவாகல. அதாவது, நாங்க இருக்கறதாலேயே குற்றம் நின்னுபோச்சு. வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து இதைப் பாத்துட்டுப் போறாங்க. இன்னைக்கு மத்தியானம்கூட எங்களுக்கு ஒரு விருது விழா இருக்கு. அதுக்கு முன்னால, இந்தச் சகோதரர் தன் வாயாலேயே மனம் திறந்து பேசணும். எந்த நிர்ப்பந்தமும் இல்ல. சீக்கிரம் பேசினா நல்லது.”

பிறகு சூப்பர்வைசரைப் பேசச் சொன்னார்கள். அவர் குரல் கம்மியது. இவனை என் கூடப்பிறந்த தம்பியாகத்தான் நினைத்தேன், என் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், இது பெரிதானால் நாங்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடுவோம் என்றார். குழந்தைகள் என்னும்போது உண்மையாகவே அழுதார். அதில் நடிப்பு இல்லை என்பதுதான் பிளம்பருக்கு ஆத்திரமாக இருந்தது.

தலைவர் ரேடியோவின் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க. உங்க கையில என்ன ஆச்சு?”

ரேடியோ நிமிர்ந்தான். வட்ட மேஜையாக இருந்ததால் எல்லோர் முகத்தையும் அவனால் ஒரே பார்வையில் பார்க்க முடிந்தது. தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலர் உதட்டைக் கடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். நிபுணர் தன் மாணவன் மேடையேறிவிட்ட பெருமையோடு தலையாட்டி ஊக்கப்படுத்தினார். எதிரே சூப்பர்வைசரின் முகம் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் கோணிக்கிடந்தது. அந்த அறையிலேயே மிகவும் கஷ்டத்தில் இருந்த முகம் அதுதான். ரேடியோவால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“இஸ்திரிப் பெட்டி சூடா இருந்துச்சு சார்” என்றான். கொஞ்சம் நிறுத்தி அந்த முகத்தை மறுபடி பார்த்தான். “நானே தொட்டுட்டேன். ரெண்டு வாட்டி.”

முகங்கள் மலர்ந்தன. தலைவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். சூப்பர்வைசர் வாய்விட்டு அழுதார், இந்தத் தடவை நிம்மதியில். ரேடியோ நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்திக்கொண்டான்.

பிளம்பர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “பொய் சொல்றான் சார். இவன் சொல்றது பொய்.”

நிபுணர் மனம் நொந்துபோனார். “இவருக்குப் பொய் சொல்லவே தெரியாதுன்னு இத்தனை நாளா எங்ககிட்ட வாதாடினது நீங்கதானே?”

“தெரியாதுதான் சார். நீங்க கேட்டீங்கன்னுதான் நான் கத்துக்குடுத்தேன்.”

 தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “சாட்சிக்கு நீங்க பொய் சொல்லக் கத்துக்குடுத்தீங்களா?” என்று நிதானமாகக் கேட்டார். “அது ஒரு குற்றம்னு உங்களுக்குத் தெரியுமா? அதுவும் இப்படிப்பட்ட ஒருத்தருக்கு எதிரா செஞ்சா, அது எங்க பிரிவுல வர்ற குற்றம். பதிவு பண்ணினா இதுதான் முதல் குற்றமா இருக்கும்.”

பிளம்பர் மனத்தில் தான் உள்ளே போனால் ரேடியோவுக்கு யார் என்ற ஒரே நினைப்புதான் ஓடியது. அவர் விழுந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

விருது விழா நாளில் கசப்பு வேண்டாம் என்று தலைவர் பெருந்தன்மையாக அதை விட்டுக்கொடுத்தார். பகிர்வு இனிதே நிறைவுற்றதாக அலுவலர் எழுதிக்கொண்டார். சூப்பர்வைசர் எழுந்து வந்து, ரேடியோவின் தோளில் கையைப் போட்டார். “நாளைக்கு வந்துடுப்பா. உன் மேஜை அப்படியேதான் இருக்கு.” வந்துடறேன் சார் என்றான் ரேடியோ. அந்த முகமும் மலர்ந்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் நிறுத்தத்தில் நிழலில்லை. இருவரும் நின்றார்கள். ரேடியோ உற்சாகமாக இருந்தான். கைதட்டியவர்களை எல்லாம் வரிசையாகச் சொன்னான். பிளம்பரின் காதில் எதுவும் ஏறவில்லை.  லாண்டரியும் வேண்டாம், மடிப்பும் வேண்டாம், என்னோடேயே இருந்துவிடு என்று சொல்ல நினைத்தார். ஆனால் அந்த வேலைதான் அவனுக்கு உயிர் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே அவனையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். இத்தனை வருடமும் அவர் அப்படித்தான் செய்துவந்தார். அவனுக்கு எது வேண்டும், எது வேண்டாம், எங்கே வலிக்கிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. கேட்டால் சொல்லிவிடுவான். சொன்னால் அது அப்படித்தான் இருக்கும்.

“நாளைக்கு அங்க போகணும்னு உனக்கு ஆசையா இருக்காடா?”

“ஆசையா இருக்கு அத்தான்.”

“அந்த ஆளப் பாத்தா உனக்குப் பயமா இல்ல?”

ரேடியோ திரும்பி அத்தானின் முகத்தைப் பார்த்தான். மாடிவீட்டு அக்காவைப் பார்த்ததுபோல, சிவப்புப் பேனா காட்டியவரைப் பார்த்ததுபோல, நெற்றியிலிருந்து மோவாய் வரை பொறுமையாகப் பார்த்தான்.

“பயமே இல்ல அத்தான்” என்றான்.

 அது உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனி அவனிடம் எதைக் கேட்டாலும் இதே கதிதான் என்று அப்போதுதான் பிளம்பருக்கு உறைத்தது. மறுபடி கேட்கலாமா என்று வாயெடுத்தார். ஆனால் ரேடியோ இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், எல்லோர் முகமும் மலர்ந்ததே, இந்த ஒரு முகம் மட்டும் ஏன் மலரவில்லை என்ற கவலையோடு.

அவனைக் கஷ்டப்படுத்த வேண்டாமென்று பிளம்பர் சிரித்தார்.